நமக்கு நாமே திட்டம்: மூணுல ஒரு பங்கு கட்டி ஒரு பார்க் வாங்குன கதை (ரேட்டிங் 5க்கு 3.5)

மிக்ஸிக்கு ரிவ்யூ எழுதுற, பிரியாணிக்கு ரிவ்யூ எழுதுற, 3,20,000 ரூபா கட்டி வாங்குன பார்க்குக்கு ஏன் எழுதலன்னு எங்க வீட்டுக்காரர் விளையாட்டா கேட்டாரு. யோசிச்சு பாத்தா நியாயமாத்தான் இருந்துச்சு. அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல திட்டம் என்னன்னு தெரியாதவங்களுக்கு. உங்க ஏரியாவுக்கு ஒரு வேலை ஆகணும், பார்க்கோ, ஸ்கூல் காம்பவுண்டு சுவரோ, தெரு லைட்டோ, கேமராவோ எதுவா இருந்தாலும் சரி, அதுக்கு போடுற எஸ்டிமேட்ல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டணும், மீதி ரெண்டு பங்கு அரசு போடும். குளம் ஏரி மாதிரி நீர்நிலை வேலைன்னா நகரத்துல பாதிக்கு பாதி. இதுக்கு மேல கட்டக்கூடாதுன்னு எதுவும் இல்ல, எவ்வளவு வேணா கட்டலாம், பாதியோ அதுக்கு மேலயோ கட்டுனா வேலைய நாமளே எடுத்து செய்யவும் வழி இருக்கு. 90கள் கடைசியில கலைஞர் ஆட்சியில வந்தது, 2011ல ஆட்சி மாறுனதும் தன்னிறைவு திட்டம்னு பேரு மாறுச்சு, 2021ல மறுபடியும் பழைய பேரே வந்துருச்சு. பேரு மாறுனாலும் சரக்கு ஒண்ணுதான். நெட்ல தேடும்போது மட்டும் ஜாக்கிரதை, 2015ல ஸ்டாலின் கெளம்புன நமக்கு நாமே பயணமும் இதே பேருதான், எனக்கு முதல்ல வந்த பத்து ரிசல்ட்ல எட்டு அந்த போட்டோதான், என்னடா இது பார்க் பத்தி ஒண்ணும் காணோமேன்னு முழிச்சேன்.

எங்க ஏரியா சென்னைக்கு பக்கத்துல ஒரு புறநகர் லேஅவுட். மாநகராட்சி பேரு வேணாம், அங்கதான் நாளைக்கும் போய் நிக்கணும். 64 மனை, அதுல 56 வீடு கட்டியாச்சு, நடுவுல பார்க்குன்னு பிளான்ல மட்டும் இருந்த ஒரு இடம். நேர்ல பாத்தா சீமக்கருவேலம், உடைஞ்ச கமோடு, யாரோ கொட்டிட்டு போன கட்டட கழிவு, ஓரத்துல ஒரு அரச மரம், அதுக்கு கீழ ஒரு பிள்ளையார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ முழங்கால் தண்ணி நின்னுச்சு, அதுல ரெண்டு நாள் தவளை கச்சேரி.

அதுக்கு முன்னாடியே, 2023 ஆகஸ்ட்லயே மனு குடுத்திருந்தோம். நான்தான் அசோசியேஷன் பொருளாளர். ஆசைப்பட்டு ஆகல, மீட்டிங்குக்கு லேட்டா போனேன், போறதுக்குள்ள ஆக்கிட்டாங்க.

முதல் தடை எங்க வந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. இடம் மாநகராட்சி பேர்லதான் இருக்குன்னு நிரூபிக்கணும், அதை மாநகராட்சிக்கே நாங்க நிரூபிக்கணும். லேஅவுட் போட்டவர் பார்க் இடத்தை தான பத்திரம் எழுதி குடுத்திருப்பாரு, அந்த காலத்துல இது பஞ்சாயத்தா இருந்துச்சு, அப்புறம் பேரூராட்சி, அப்புறம் நகராட்சி, இப்ப மாநகராட்சி, ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஃபைல் எந்த பீரோவுக்கு போச்சோ யாருக்கும் தெரியல. "நீங்களே ஒரு காப்பி எடுத்து குடுத்துருங்க மேடம், சீக்கிரம் ஆயிரும்"னாங்க. சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு, பத்திர நம்பர் தெரியாம வில்லங்கம் போட்டு தேடி, ஒருவழியா நகல் எடுத்தோம். இந்த திட்டத்துக்கு போறவங்களுக்கு நான் சொல்ற முதல் வார்த்தை இதுதான், பணம் வசூல் பண்றதுக்கு முன்னாடி தான பத்திர நகல், அப்ரூவ் ஆன லேஅவுட் பிளான் ரெண்டும் கையில வச்சுக்கோங்க. இடம் உள்ளாட்சி பேர்ல இல்லன்னா அதோட கதை முடிஞ்சுது, தனியார் இடத்துக்கு ஒரு ரூபா வராது. அசோசியேஷன் சங்க பதிவு சட்டத்துல பதிவு ஆகி, அது பேர்ல பேங்க் அக்கவுண்டும் இருந்தா பாதி தலைவலி குறையும், எங்களுக்கு நல்லவேளை இருந்துச்சு.

அப்புறம் மாநகராட்சி ஏஇ, அதாவது உதவி பொறியாளர், வந்து பாத்தாரு. சின்ன வயசு பையன்தான், பைக்ல வந்து ஹெல்மெட்ட கழட்டாமலே ஒரு சுத்து சுத்துனாரு. பிள்ளையார பாத்ததும் நின்னுட்டாரு. கோயில் வேலைக்கு இதுல பணம் கிடையாது, எந்த மதமா இருந்தாலும் சரி. எங்க குரூப்ல ரெண்டு பேரு "அப்படியே பிள்ளையாருக்கு ஒரு ஷீட்டு போட்டு குடுத்துருங்க சார்"னு ஆரம்பிச்சாங்க, அவரு ஒண்ணும் பேசாம நோட்ல வாக்கிங் பாதைய ஒரு வளைவா வரைஞ்சு பிள்ளையார வெளிய விட்டுட்டாரு. இன்னைக்கும் எங்க வாக்கிங் பாதையில அந்த எடத்துல காரணமே இல்லாம ஒரு வளைவு இருக்கும், புதுசா வர்றவங்க ஏதோ டிசைன்னு நினைச்சுக்குறாங்க.

மிக்ஜாம் தண்ணி நின்னதுக்கு அப்புறம் எஸ்டிமேட்ட மாத்த வேண்டியதாச்சு, தரைய கொஞ்சம் ஏத்தணும். கடைசியா வந்த கணக்கு 9,60,000. பேவர் பிளாக் பாதை 140 மீட்டர், ஆறு எல்இடி லைட், கம்பி வேலி, நாலு சிமெண்ட் பெஞ்சு, ஊஞ்சல் ஒண்ணு, சறுக்கு மரம் ஒண்ணு, ஜிஎஸ்டி 18 சதவீதம் எல்லாம் சேத்து. ஆமா, நம்ம காசுல நம்ம அரசுக்கு பார்க் கட்டுனாலும் ஜிஎஸ்டி உண்டு, அதுலயும் மூணுல ஒரு பங்கு நம்மதுதான். எங்க பங்கு 3,20,000, மனைக்கு 5,000ன்னா கரெக்டா வருது, கணக்கு என்னமோ அழகா இருந்துச்சு.

வசூல்தான் இந்த திட்டத்துலயே கஷ்டமான பாகம், ஆபீஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். 47 வீடு முழுசா 5,000 குடுத்தாங்க. வாடகைக்கு இருக்குறவங்க "ஓனர கேளுங்க"ன்னாங்க, ஓனர கேட்டா "இருக்குறவங்கதானே நடக்க போறாங்க"ன்னாரு. காலி மனைக்காரங்க ரெண்டு பேரு வெளிநாட்டுல இருந்து ஆளுக்கு 15,000 போட்டாங்க, பார்க்குக்கு எதுத்தாப்ல அவங்க மனை இருக்குங்கறது வேற விஷயம், நாளைக்கு விக்கும்போது ரேட்டு ஏறும்ல. மளிகைக்கடை அண்ணாச்சி 10,000. மாவு அரைச்சு விக்கிற அக்கா ஒருத்தங்க 500 ரூபாய முழுக்க பத்து ரூபா தாளா எண்ணி கையில குடுத்தாங்க, ரசீது வேணாம்னு சொன்னாங்க, நான் வீட்டுக்கு வந்து எழுதி மறுநாள் கொண்டு போய் குடுத்துட்டு வந்தேன். இந்த மாதிரி சில்லறையா வந்தது 18,500. மீதி 26,500 துண்டு விழுந்துச்சு, பொங்கல் விழாவுக்கு சேத்து வச்சிருந்த பணத்துல இருந்து எடுத்தோம், அந்த வருஷம் உறியடியும் கிடையாது கோலப்போட்டிக்கு பரிசும் கிடையாது, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் திட்டு வாங்குறேன்.

ஒருத்தரு மட்டும் கதவ தொறந்து நின்னுகிட்டே கேட்டாரு. "வீட்டு வரி கட்டுறேன், 2022ல ஏத்துனதயும் சேத்து கட்டுறேன், குப்பை வரியும் கட்டுறேன், பார்க் போட்டு குடுக்குறது அவங்க வேலையா இல்லையாம்மா? அதுக்கு நான் ஏன் தனியா குடுக்கணும்?" அவருக்கு அன்னைக்கு பதில் சொல்ல முடியல, இன்னைக்கும் முழுசா சொல்ல முடியாது. எங்களுக்கு பின்னாடி கால்வாய் ஓரமா நாலு தெரு இருக்கு, அங்க எல்லாம் கூலி வேலைக்கு போறவங்க, எங்கள விட அங்கதான் பிள்ளைங்க அதிகம். அவங்க 3,20,000 எப்படி சேப்பாங்க? மூணுல ஒரு பங்கு சேக்க முடிஞ்ச தெருவுக்கு அரசு மீதி ரெண்டு பங்க சேத்து குடுக்குது, முடியாத தெருவுக்கு ரெண்டும் இல்ல. அவங்க கவுன்சிலரையோ எம்எல்ஏ நிதியையோதான் நம்பணும், தொகுதிக்கு வருஷம் மூணு கோடிங்கறாங்க, அது எத்தன வார்டுக்கு பங்காகும்னு நீங்களே கணக்கு போடுங்க. ஏரி குளம் தூர்வாருற குடிமராமத்து திட்டத்துல விவசாயிங்களுக்கு பத்து சதவீதம்தான் பங்கு, அதையும் உடல் உழைப்பா குடுக்கலாம்னு வச்சிருந்தாங்க. நகரத்துலயும் அப்படி ஒரு வழி இருந்தா அந்த நாலு தெரு ஆளுங்க எங்களுக்கு முன்னாடி பார்க் போட்டிருப்பாங்க, அவங்கள்ல பாதி பேரு கொத்தனாரும் சித்தாளும்தான். நான் ஒரு ஸ்டார் குறைச்சதுக்கு இதுதான் காரணம்.

இப்ப டிடி (பேங்க்ல எடுக்குற டிமாண்ட் டிராஃப்ட்) கதை. 2024 ஜனவரி கடைசியில 3,20,000க்கு டிடி எடுத்து குடுத்தோம், அக்னாலட்ஜ்மென்ட் வாங்கிக்கிட்டோம், ஸ்வீட் கூட சாப்பிட்டோம். மார்ச் 16ம் தேதி நாடாளுமன்ற தேர்தல் அறிவிச்சாங்க, நடத்தை விதி வந்துருச்சு, புது வேலை எதுவும் ஆரம்பிக்க கூடாது, டெண்டரும் விட கூடாது. சரி அது அவங்க தப்பில்ல. ஓட்டு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4, அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம். ஜூன் நடுவுல போய் கேட்டா, அந்த டிடிய கணக்குல போடவே இல்ல! குண்டூசி குத்தி ஃபைலுக்குள்ளயே பத்திரமா வச்சிருக்காங்க. டிடிக்கு மூணு மாசம்தான் ஆயுசு, அது ஏப்ரல்லயே செத்துப்போச்சு. அந்த செக்‌ஷன்ல இருந்தவரு என்ன பாத்து "நீங்க ஞாபகப்படுத்தியிருக்கலாமே மேடம்"னு சொன்னாரு பாருங்க, எனக்கு வந்த கோவத்துக்கு அங்க இருந்த ஸ்டேப்ளர எடுத்து என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது, கூட வந்த அங்கிள் கைய புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு. மறுபடியும் அந்த டிடிய வாங்கி, பேங்குக்கு போய், லெட்டர் குடுத்து, தேதி புதுப்பிச்சு, திரும்ப கொண்டு போய் குடுத்து, இந்த தடவ ரசீது கையில வர்ற வரைக்கும் அங்கேயே பெஞ்சுல உக்காந்துட்டேன். மத்தியானம் சாப்பிட போய்ட்டு வந்தாங்க, நான் அங்கேயே இருந்தேன், மூணே காலுக்கு ரசீது வந்துச்சு. அரை ஸ்டார் அங்க போச்சு. நீங்க குடுத்தா வாராவாரம் போய் பணம் கணக்குல ஏறிடுச்சான்னு கேளுங்க, கூச்சமே படாதீங்க.

டெண்டர் ஜூலையில வந்துச்சு, வொர்க் ஆர்டர் ஆகஸ்ட் கடைசி. கான்ட்ராக்டர் எஸ்டிமேட்ட விட கொஞ்சம் குறைச்சு எடுத்திருந்தாரு, அந்த மிச்சத்துல எங்க பங்குக்கு ஏதாவது திரும்ப வருமா, இல்ல அதுல இன்னொரு பெஞ்சாவது போடுவீங்களான்னு எழுதி குடுத்தேன். "பாக்கலாம் மேடம்." இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க.

ஆனா இதுக்கு அப்புறம் நடந்ததுதான் நான் மூணரை குடுக்க காரணம், இல்லன்னா ரெண்டோட நிறுத்தியிருப்பேன்.

எங்க தெருவுல ஒரு தாத்தா இருக்காரு, பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சு, பிள்ளைங்க எல்லாம் டேப் தாத்தான்னுதான் கூப்பிடும், எங்க போனாலும் சட்டை பையில ஒரு ஸ்டீல் டேப்பு. அவரு முதல் நாளே எஸ்டிமேட் காப்பி கேட்டு வாங்கி பேனாவால கோடு போட்டு படிச்சு வச்சிருந்தாரு. பேவர் பிளாக் லோடு வந்து எறங்குச்சு. தாத்தா போனாரு, மேல இருந்து எடுக்கல, அடியில கைய விட்டு ஒண்ண உருவுனாரு, டேப்ப வச்சாரு. எஸ்டிமேட்ல 60 எம்எம். டேப்புல 52. இன்னொண்ணு, 51. மேல் வரிசையில இருந்தது மட்டும் கரெக்டா 60. அவரு சத்தமே போடல, "தம்பி, மேல ஒரு வரிசை மட்டும் எங்களுக்கு, மீதி யாருக்கு?"ன்னு கேட்டாரு. மேஸ்திரி சிரிச்சு மழுப்புனாரு, அப்புறம் கான்ட்ராக்டருக்கு போன போட்டாரு, கான்ட்ராக்டர் எனக்கு போன் பண்ணி "அதெல்லாம் நடக்குறதுக்கு போதும் மேடம், லாரியா ஓட்ட போறீங்க"ன்னாரு.

சாதாரண டெண்டர் வேலையா இருந்தா இந்த எடத்துல நாம என்ன பண்ண முடியும்? போட்டோ எடுத்து குரூப்ல போடுவோம், நாலு பேரு கோவ எமோஜி போடுவாங்க, பாதை போட்டு முடிஞ்சிரும். இங்க நான் ஏஇக்கு போன் பண்ணி "சார், இதுல 3,20,000 எங்களுது, ரசீது என்கிட்ட இருக்கு, நீங்க வந்து பாக்காம எம்புக்ல அளவு எழுதாதீங்க"ன்னு சொன்னேன். எம்புக்னா அளவு புத்தகம், அதுல ஏஇ எழுதுனாத்தான் கான்ட்ராக்டருக்கு பில்லு. அன்னைக்கு சாயங்காலமே வந்தாரு, இந்த தடவை ஹெல்மெட்ட கழட்டிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் குத்துக்கால் போட்டு உக்காந்து ஒரு பக்கம் தாத்தா டேப்பு, ஒரு பக்கம் அவரு டேப்பு, பன்னெண்டு பிளாக் அளந்தாங்க. லோடு திரும்ப போச்சு. போகும்போது ஏஇ தாத்தாகிட்ட "ஐயா எந்த டிவிஷன்ல இருந்தீங்க?"ன்னு கேக்க, அதுக்கப்புறம் அரை மணி நேரம் ரெண்டு பேரும் பழைய ஆபீசருங்க கதை பேசிட்டு நின்னாங்க. அந்த பையன நான் தப்பு சொல்ல மாட்டேன், ஒரு ஆளு தலையில எத்தன வார்டு வேலைய கட்டி வச்சிருக்காங்களோ.

அக்டோபர்ல மழை வந்து வேலை நின்னுச்சு. நவம்பர் கடைசியில ஃபெங்கல். புயல் கரை ஏறுன மறுநாள் காலையில எல்லாரும் குடைய புடிச்சுக்கிட்டு போய் பாத்தோம், பாதை பாதிதான் போட்டிருந்துச்சு, போட்ட பாதியில தண்ணி நிக்கல, போடாத பாதியில கணுக்கால் தண்ணி. அந்த ஒரு காட்சிக்காக 5,000 குடுக்கலாம்னு கதவுல நின்னு கேள்வி கேட்டவரே சொன்னாரு. குடுத்தாரான்னா, 2,000 குடுத்தாரு.

2025 பொங்கலுக்கு முன்னாடி வேலை முடிஞ்சுது. கல்வெட்டு வச்சாங்க. கருப்பு கிரானைட், தங்க கலர் எழுத்து. மேல இருந்து அமைச்சர், எம்எல்ஏ, மேயர், கமிஷனர், மண்டல தலைவர், கவுன்சிலர்னு ஒவ்வொரு பேரா இறங்கி வந்து, கடைசி வரியில சின்ன எழுத்துல "பொதுமக்கள் பங்களிப்புடன்". மாவு அக்கா பிள்ளைய கூட்டிட்டு வந்து அந்த கடைசி வரிய விரல் வச்சு காட்டி "இது நாமதான்"னு சொன்னாங்க, பின்னாடி நின்ன எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. கல்வெட்டு மேல இருந்த கோவம் அதோட போச்சு.

இப்ப பராமரிப்பு. இதுதான் திட்டத்துல இருக்குற பெரிய ஓட்டை, ஒரு ஸ்டார் குறைக்கலாம்னுதான் இருந்தேன், லோடு திரும்ப போன சந்தோஷத்துல விட்டுட்டேன். கட்டுறதுக்குத்தான் பணம், கட்டுன பிறகு யாரு பாத்துக்குவாங்கன்னு எஸ்டிமேட்ல ஒரு வரி கிடையாது. லைட்டு டைமர் மூணாவது மாசமே மண்டைய போட்டுச்சு, பகல் பன்னெண்டு மணிக்கு எரியும், ராத்திரி இருட்டு. தெரு லைட்டு ஆளுங்கள கூப்பிட்டா பார்க் லைட்டு எங்க லிஸ்ட்ல இல்லங்குறாங்க, பார்க் செக்‌ஷன கேட்டா கரண்டு வேலை எங்களுது இல்லங்குறாங்க, கான்ட்ராக்டர் போன எடுக்குறதில்ல. கடைசியில எலக்ட்ரீஷியன் தம்பிய கூட்டிட்டு வந்து 850 ரூபாக்கு நாங்களே மாத்துனோம். செடிக்கு தண்ணி ஆளுக்கு ஒரு நாள்னு லிஸ்ட் போட்டிருக்கோம், செவ்வாக்கிழமைக்காரரு ஊத்துறதே இல்ல, பேரு சொல்ல மாட்டேன், அவரும் இத படிப்பாரு.

யாரு போகலாம்? வீட்டுக்கு வீடு ஏறி இறங்க சலிக்காத ஒரு ஆளும், எஸ்டிமேட் படிக்க தெரிஞ்ச ஒரு பெரியவரும் உங்க தெருவுல இருந்தா தைரியமா போங்க. எஸ்டிமேட் காப்பிய கேட்டு வாங்குங்க, காசு போட்டவங்க கேட்டா இல்லன்னு சொல்ல அவங்களுக்கும் தயக்கமா இருக்கும். வசூல் பண்ணும்போதே வீட்டுக்கு ஒரு 500 பராமரிப்புக்குன்னு தனியா சேத்து வாங்கிடுங்க, அப்புறம் கேட்டா ஒரு பய தர மாட்டான். தேர்தல் வர்ற வருஷம்னா டிடிய அவசரப்பட்டு எடுக்காதீங்க. இந்த ரெண்டு ஆளும் இல்லாத தெருன்னா கொஞ்சம் யோசிச்சுக்கோங்க, 52 எம்எம் மேல நடந்துட்டு 60 எம்எம்க்கு காசு கட்டுனதாத்தான் ஆகும்.

போன வாரம் கால்வாய் தெரு பிள்ளைங்க கூட்டமா வந்து ஊஞ்சல்ல ஆடிட்டு இருந்துச்சுங்க. எங்க குரூப்ல ஒருத்தரு "நம்ம காசுல போட்ட பார்க்கு, கேட்ட பூட்டி வைக்கலாமே, சாவி ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்"னு மெசேஜ் போட்டாரு. ரசீத நான் போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், மூணுல ரெண்டு பங்கு யாரு காசுன்னு பென்சில்ல வட்டம் போட்டு. ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. சாவி டேப் தாத்தாகிட்டதான் இருக்கு, அவரு காலையில அஞ்சரைக்கு தொறந்து விட்டா ராத்திரி ஒம்பது வரைக்கும் பூட்டுறதில்ல.